ஒட்டு முடிந்த இடம்

லாரிகளின் முதுகைப் படிப்பதில் நமக்கு வெகு நாளைய பிரியம் உண்டு. பஸ்ஸில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால், கையில் கொண்டுபோன புத்தகத்தை நாம் பிரிப்பதே இல்லை. முன்னால் போகும் லாரியில் 'ஒலி எழுப்பவும்' என்று ஒரு விண்ணப்பம். அதற்கு மேலே தாய் தந்தையருக்கு ஒரு வணக்கம். கீழே இரண்டு குழந்தைகளின் பெயர்கள். திருஷ்டி கழிய ஒற்றைச் செருப்பு. இவ்வளவையும் படித்து, அந்த லாரிக்காரருடைய குடும்ப சரித்திரத்தை நாமாகவே ஊகித்து முடிப்பதற்குள் பத்து மைல் ஓடிப் போய்விடும்.

ஆனால் இந்த வர்ணமும் வாசகமும் பத்து டன் மூட்டையும் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? அப்படிக் குனிந்து பார்க்கும் சந்தர்ப்பம் நமக்குச் சென்ற ஐப்பசி மாதத்தில், அடைமழைக்கு நடுவே, நாமக்கல்லில் வாய்த்தது.

நமது வீட்டு அம்மாளின் தம்பி அந்தப் பக்கத்தில் லாரி முதலாளி. முதலாளி என்றவுடன் இருபது முப்பது லாரிகளை நேயர்கள் கற்பனை செய்துவிடக் கூடாது. ஒரே ஒரு லாரி, ஆறு சக்கரம், அதுவும் வேறொருவர் சில வருஷங்கள் ஓட்டிவிட்டு விற்றது. அந்த ஒன்றிலும் முக்கால் பங்கு கடன் கொடுத்தவர்களுடையது. மிச்சமுள்ள கால் பங்குக்குத்தான் நம் மைத்துனர் முதலாளி. ஆனால் மாதம் 5-ஆம் தேதி தவணை கட்டுவதற்கு மட்டும் அவர் முழு முதலாளி.

நாமக்கல் என்றால், கூரையில்லாத சந்நிதியில் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர் நம் நினைவுக்கு வருவார். அடுத்தபடியாகக் கோழி முட்டை. மூன்றாவதாக லாரி. சுதந்திரம் வருவதற்கு முன்பு நம் சாலைகளில் ஓடிய லாரிகள் பெரும்பாலும் சீமைச் சரக்கு, அல்லது சீமைச் சாமான்களை இங்கே பூட்டியவை. 1948-ஆம் வருஷத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தோன்றி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிப் பழகி, பிறகு லேலண்ட் லாரிகளில் இறங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. ஆனால் கம்பெனியிலிருந்து லாரி முழு உருவத்தோடு வருவதில்லை. பெரும்பாலும் எஞ்சினும் சக்கரமும் பூட்டிய வெறும் எலும்புக்கூடாகவே வருகிறது. அதற்கு உடம்பு கட்டிக் கொடுப்பது நாமக்கல்லைச் சுற்றியுள்ள பட்டறைகளின் வேலை. எந்தக் கலாசாலையிலும் படிக்காத தச்சர்களும் கொல்லர்களும் சேர்ந்து, வடநாட்டுக்காரர்களும் தேடிவருகிற ஒரு தொழிலை அங்கே உண்டாக்கியிருக்கிறார்கள். சுதேசித் தொழில் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்தச் சாலையில் நடந்து பார்ப்பது நல்லது. ஆனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்த எலும்புக்கூட்டுக்குப் பட்டறைகளில் 'சேஸிஸ்' என்று பெயர். நாம் சட்டம் என்று சொல்லலாம். சட்டம் என்றவுடன் கோர்ட்டும் வக்கீலும் வருவார்களோ என்று பயப்பட வேண்டாம். இது இரும்புச் சட்டம். முன் பம்பரிலிருந்து வால் வரையில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்கள். நமது 'ப' என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒவ்வொன்றும் மடிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே குறுக்குக் கம்பிகள். மொத்தத்தில், கீழே படுக்க வைத்த ஏணி. எஞ்சினும், டிரைவரும், மூட்டையும் அந்த ஏணியின்மேல்தான் சவாரி செய்கிறார்கள்.

நம் மைத்துனருடைய ஏணியில் விரிசல் கண்டது. கண்டவர் டிரைவர். கர்நாடகத்துத் தாவணகெரேயில் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிக்கு அருகில் டீ குடிக்க நிறுத்தியபோது, கிளீனர் பையன் வழக்கம்போல் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவன், "அண்ணே, இங்கே யாரோ குங்குமம் இட்ட மாதிரி இருக்குது" என்று கூப்பிட்டானாம். பின் சக்கரத்தின் ஸ்பிரிங்கைத் தாங்குகிற பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், சட்டத்தின் அடிப்பாகத்தில், நூல் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கந்தையால் துடைத்தால் போய்விட்டது. மழை ஈரம் பட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. இரும்பு வாய் திறந்து, உள்ளேயிருந்து துரு கசிகிறது என்று டிரைவருக்குப் புரிந்துபோயிற்று. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தை மாட்டு வண்டி வேகத்தில் இறங்கி, நாமக்கல்லில் சரக்கை இறக்கி, சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "லோடோட இந்த வண்டியை இனிமேல் தொப்பூர்ல இறக்க மாட்டேனுங்க, முதலாளி" என்றார். பதினொரு வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவர். அதற்குமுன் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அன்றைக்குத் தேதி 29. அடுத்த லோடு பேசி முடிந்திருந்தது. தவணைக்கு இன்னும் ஒரு வாரம். நாம் வேறு காரியமாக அந்த ஊருக்குப் போயிருந்தவர்கள், மைத்துனருக்குத் துணையாகப் பட்டறைக்குக் கிளம்பினோம்.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் வெகு உற்சாகமான மனிதர். லாரிக்கு அடியில் தலையை நுழைத்த மறு நிமிஷமே வெளியில் எடுத்துவிட்டார். "ரெண்டு மணி நேர வேலைங்க. பத்து மில்லி பிளேட்டு வெச்சு நாலு பக்கமும் பத்த வெச்சுட்டா, யானை ஏறினாலும் அசையாது" என்றார். மைத்துனரின் முகம் மலர்ந்தது. நமக்கும் யானையின் மேற்கோள் திருப்தியாகவே இருந்தது. டிரைவர் மட்டும், "இன்னொரு இடத்துலயும் காட்டிடலாமுங்க" என்றார்.

அந்த இன்னொரு இடம் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். அவர் லாரியின் அடியில் கோணியை விரித்துப் படுத்தவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெயைத் தடவினார். நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்கட்டித் தூளைப் பூசிவிட்டு, பீடி பற்ற வைத்தார். சற்று நேரத்தில் வெள்ளைத் தூளில் ஈரக் கோடு ஒன்று தானாகவே படர்ந்தது. விரிசலுக்குள் போன எண்ணெய் மறுபடி வெளியே வந்து, தான் நுழைந்த வழியைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டது! ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்திலிருந்தே கையாண்ட முறை இது. நம் கண்ணுக்கு இரண்டு விரற்கடை நீளமாகத் தெரிந்த விரிசல், தூளில் நான்கு விரற்கடையாக இருந்தது.

"தம்பி, இது முதல் விரிசல் இல்லீங்க, ரெண்டாவது" என்றார் மேஸ்திரி.

கறுப்பு வர்ணத்தைச் சுரண்டிக் காட்டினார். அதற்கு அடியில் கனமான இரும்புப் பிளேட்டு ஒன்று, நாலு பக்கமும் வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. லாரியை விற்ற புண்ணியவான் காலத்து வேலை. அதே இடத்தில் எப்போதோ விரிசல் கண்டு, இரண்டு மணி நேரத்தில் யானை பலம் ஏற்றி, வர்ணம் பூசி நம் மைத்துனர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பழைய விரிசல் இருந்த இடம் கெட்டியாகத்தான் இருந்தது. புது விரிசல், பிளேட்டு எங்கே முடிந்ததோ, அந்த ஓரத்தை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஏறியிருந்தது.

இது ஏன் என்று நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இற்றுப்போன பழம் புடைவையில் கிழிசலுக்குக் கித்தான் துணியை வைத்து ஒட்டுப் போட்டால் என்ன ஆகும்? ஒட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டின் ஓரத்தில் புடைவை கிழியும். கித்தான் வளைந்து கொடுக்காது, புடைவை வளையும், இரண்டும் சந்திக்கிற கோட்டில் இழுப்பெல்லாம் வந்து குவியும். இரும்பும் அப்படித்தான். லாரிச் சட்டம் பாறைபோல் விறைத்து நிற்க வேண்டும் என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தோம். வாஸ்தவத்தில் அது வளைய வேண்டும். இடது சக்கரம் பள்ளத்திலும் வலது சக்கரம் மேட்டிலும் போகும்போது, அந்த ஏணி சற்றே முறுக்கிக்கொண்டு, மறுபடி நிமிர வேண்டும். அதற்காகவே குறுக்குக் கம்பிகளைப் பெரும்பாலும் ரிவெட் அடித்தோ போல்ட் போட்டோ இணைக்கிறார்கள். அப்படிப்பட்ட சட்டத்தின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் வளையாத கட்டை ஒன்றைச் செருகிவிட்டால், அது செய்ய மறுத்த வேலையையும் சேர்த்து அதன் பக்கத்து இரும்பு செய்ய வேண்டியதாகிறது. கூட்டுக் குடும்பங்களில் நாம் பார்க்காததா!

இரும்புக்குக் களைப்பு உண்டு என்பதை உலகம் ஒரு துயரத்தின் மூலம் கவனிக்கத் தொடங்கியது. 1842-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தில் வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகளை வெளியே பூட்டுவது அந்த நாளைய வழக்கம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய அச்சு இன்று ஏன் முறிய வேண்டும்? பிற்பாடு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே எஞ்சினீயர், 1850-களிலும் 60-களிலும் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை திருப்பித் திருப்பி வளைத்துப் பார்த்து விடை கண்டார். ஒரு தடவை சுமத்தினால் இரும்பு சிரித்துக்கொண்டே தாங்கக்கூடிய பாரம், திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் அதையே முறித்துவிடும். துளையின் ஓரம், கூரான மூலை, வெல்டிங்கின் விளிம்பு இப்படி ஏதாவது ஓர் இடத்தில் மயிரிழை பிளந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

"மேஸ்திரி, பற்ற வைத்துவிட்டால் எல்லாம் ஒரே துண்டாகிவிடுகிறதே, அது நல்லதுதானே?" என்று நாம் கேட்டு வைத்தோம்.

"ஒரே துண்டானா, விரிசலுக்கும் ஒரே ரோடுதானுங்களே" என்றார் அவர்.

இதைக் கேட்டதும் எப்போதோ படித்த கப்பல் விஷயம் நம் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது மகாயுத்தத்தின்போது அமெரிக்கர்கள் அவசரம் காரணமாக, ரிவெட் அடிப்பதை விட்டு, வெல்டிங் வைத்தே கப்பல்களைக் கட்டித் தள்ளினார்கள். 1943-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, 'ஷெனெக்டடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், ஆரெகன் மாகாணத்துப் போர்ட்லண்டில், அலையில்லாத துறையில் கட்டிக் கிடக்கையிலேயே பெரும் சத்தத்துடன் இரண்டாகப் பிளந்தது. எஃகு குளிரில் கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை உடையதாயிருந்தது. வெல்டிங்கிலும் பழுது இருந்தது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். இதிலோ நிற்பதற்கு ஓரமே இல்லை. ஆகவே, பிறகு இத்தகைய கப்பல்களில் விரிசலைத் தடுக்கவென்றே சில தகடுகளை ரிவெட் அடித்து வைத்தார்கள். கப்பலின் வியாதி வேறு, லாரியின் வியாதி வேறு என்பது உண்மையே; ஆனாலும் நாமக்கல் மேஸ்திரி அந்தக் கப்பலைக் கேள்விப்படாமலே அதன் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"எத்தனை நாள் ஆகுமுங்க?" என்று மைத்துனர் கேட்டார்.

"மூணு நாள். மழை விட்டா."

செலவும் முதல் பட்டறைக்காரர் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு. மைத்துனர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தார். "மச்சான், இந்த லோடை விட்டா சோள வியாபாரி அடுத்த தடவை கூப்பிட மாட்டான். தவணை தவறினா அவனுக ஆளையே அனுப்பிடுவானுக. இப்போதைக்கு அந்தப் பிளேட்டைப் போட்டு ரெண்டு நடை ஓட்டிட்டு, அப்புறம் நிதானமாச் செஞ்சா என்னங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒற்றை லாரிக்காரரின் கணக்கில் 'நிதானமாக' என்ற பத்தி கிடையாது. நாம் என்ன பதில் சொல்வது? லாரி நம்முடையதல்ல, கடனும் நம்முடையதல்ல. பேனா பிடிக்கிறவர்கள் பிறத்தியாருடைய பணத்தில் தைரியம் சொல்வது சுலபம்.

டிரைவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பிளேட்டு நிக்குமோ நிக்காதோ எனக்குத் தெரியாதுங்க. பத்த வெச்சவர் பத்த வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவார். நான்தானுங்க அதுமேல உக்காந்து போகணும். பக்கத்துல அந்தப் பையன் வேற."

கிளீனர் பையன் இதையெல்லாம் கவனிக்காமல் பிஸ்கோத்தை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

மைத்துனர் எழுந்து போய், ஓர் ஓரமாக நின்று இரண்டு டெலிபோன் பேசினார். ஒன்று சோள வியாபாரியிடம். அந்த லோடு போயிற்று. மற்றொன்று கடன்காரர்களிடம்; பத்து நாள் தவணை கிடைத்தது, வட்டியுடன். திரும்பி வந்து, "சரிங்க மேஸ்திரி, பிரிச்சுடுங்க" என்றார்.

முதல் நாள் முழுவதும் பிரிப்பதிலேயே போய்விட்டது. டீசல் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்தார்கள். பாட்டரி வயரைப் பிரித்தார்கள். இந்தக் காலத்து லாரிகளுக்கு மூளையும் உண்டாகையால், அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் வயரையும் பிடுங்கினார்கள். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் கவ்வியை, வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டுமாம். எங்கேயோ தூரத்தில் மாட்டினால், மின்சாரம் சக்கரத்தின் பேரிங் வழியாகப் புகுந்து அதைப் பொசுக்கிவிடும். இந்த ரகச் சட்டத்தில் வெல்டிங் வைக்கலாமா என்று கம்பெனிப் புத்தகத்தையும் மேஸ்திரி தம் பேரனை விட்டுப் பார்க்கச் சொன்னார். ஏனெனில், சில அயல்நாட்டுக் கனரக லாரிகளின் சட்டத்தை உலையில் காய்ச்சித் தோய்த்துப் பலப்படுத்தியிருப்பார்கள். அதில் வெல்டிங் சூடு பட்டால், ஏற்றிய பலம் இறங்கிவிடும். அதனால் அந்தச் சட்டத்திலேயே 'வெல்டிங் கூடாது' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இது அந்த ரகமல்ல.

பிரித்தபோதுதான் உள்ளே இருந்த கதை வெளியாயிற்று. விரிசல் கண்ட பக்கத்தில், ஸ்பிரிங் அடுக்கில் இரண்டு பட்டைகள் ஒடிந்திருந்தன. சட்டத்துக்கும் மேலேயுள்ள உடம்புக்கும் நடுவே மெத்தைபோல் வைக்கிற மரம் இற்றுப்போய், அந்த இடத்தில் பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருந்தது. "விரிசல் வியாதி இல்லீங்க தம்பி, காய்ச்சல் மாதிரி. வியாதி இதுங்க" என்று ஒடிந்த பட்டையைக் காட்டினார் மேஸ்திரி. இன்னொரு வியாதியை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடலாம். 2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார், இரண்டு அச்சு லாரிக்கு வண்டியும் சரக்குமாக 16.2 டன் என்று இருந்த உச்ச எடையை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். காகிதத்தில் எடை உயர்ந்ததும் மண்டிக்காரர்கள் அதற்குமேலும் இரண்டு டன்னுக்கு ஆசைப்பட்டார்கள். லாரிக்காரர் மறுத்தால் அடுத்த லாரிக்காரர் ஏற்றிக்கொள்கிறார். விரிசல் மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

இரண்டாம் நாள், பழைய பிளேட்டை அரவை இயந்திரத்தால் அறுத்து எடுத்தார்கள். காஸ் தீயால் நொடியில் அறுத்திருக்கலாம். ஆனால் சட்டம் அநாவசியமாகச் சூடேறும் என்று மேஸ்திரி விடவில்லை. ஜாக்கி வைத்துச் சட்டத்தை நிமிர்த்தி, பிளந்த வாயை மூடச் செய்தார். அப்புறம் அவர் செய்த காரியம்தான் நம்மைத் திடுக்கிட வைத்தது. விரிசலின் நுனிக்குச் சற்று அப்பால், துரப்பணத்தை வைத்து ஒரு துளை போட்டார்! கிழிந்த இடத்தில் ஓட்டையும் போடுவார்களா? போடுகிறார்கள். விரிசலின் மூக்கு ஊசிபோல் கூர்மையாக இருப்பதால், இழுப்பெல்லாம் அந்த ஊசிமுனையில் கூடி, அதை மேலும் மேலும் தள்ளிக்கொண்டு போகிறது. உருண்டையான துளைக்குள் அது விழுந்துவிட்டால் கூர்மை போய்விடுகிறது. இழுப்பு வட்டமாகப் பரவிவிடுகிறது. ஓடுகிறவன் காலுக்கு முன்னால் குழி வெட்டுவது போன்ற உபாயம்.

பிறகு விரிசல் நெடுக வாய்க்கால்போல் அரைத்து, அடிவரை எஃகு உருகி நிரம்பும்படி இடம் செய்தார்கள். வெல்டிங் ராடுகளை மேஸ்திரி ஒரு சின்ன மின்சார அடுப்புக்குள் இட்லிபோல் சுடச்சுட வைத்திருந்தார். அந்த ராடுகளின் மேல்பூச்சில் ஈரம் ஏறினால், சூட்டில் ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் பிரிந்து எஃகுக்குள் புகுந்துகொள்ளும். வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு, ராத்திரியில் தானாகவே உள்ளுக்குள் வெடிப்பு உண்டாகும். ஐப்பசி மழையில் திறந்த பெட்டியிலிருந்து ராடை எடுத்துப் பற்ற வைக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சிடுவதற்கில்லை.

நீலச் சுடர் எழுந்தது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒரு பக்கம் நிரப்பி, பின்பக்கத்தைக் குடைந்து சுத்தம் செய்து, அங்கிருந்தும் நிரப்பினார். செக்கச் செவேலென்று இருந்த இரும்பைப் பார்த்துக் கிளீனர் பையன், உதவி செய்யும் எண்ணத்துடன், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மேஸ்திரி அவ்வளவு வேகமாகப் பாய்வார் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. "ஊத்தினே, கொன்னுபோடுவேன்!" வெந்த இரும்பு தன் போக்கில் ஆறவேண்டும். தண்ணீர் பட்டால் சட்டென்று கெட்டிப்பட்டு, வளைய மறந்துவிடும். பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அன்றெல்லாம் லாரியின் மறுபக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆறியதும் மேடு தெரியாமல் அரைத்தார்கள். அதுவும் சட்டத்தின் நீளவாட்டில்தான். குறுக்குவாட்டில் அரைத்தால், அந்தக் கீறல்களே புது விரிசல்களுக்கு விதையாகிவிடுமாம்.

பலப்படுத்தும் வேலை மூன்றாம் நாள். இங்கேதான் கேள்வி: பிளேட்டு வைத்ததால் வந்த வினைக்கு மறுபடியும் பிளேட்டா? ஆம், ஆனால் இது வேறு ஜாதிப் பிளேட்டு. சட்டத்தைவிடக் கனமில்லாதது, முன்னதைப்போல் மூன்று மடங்கு நீளம், இரு முனைகளும் வாழைக்காய் நுனிபோல் சரிவாக வெட்டப்பட்டவை. பலம் ஒரே கோட்டில் திடீரென்று தொடங்கித் திடீரென்று முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்காகச் சரிவு. அதைச் சட்டத்தின் உட்புறத்தில், செங்குத்தான நடுப்பாகத்தோடு பொருத்தினார்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவும் இல்லை, வெல்டிங் வைக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்துக் குழந்தையின் மர ஸ்கேலை வளைத்துப் பாருங்கள்: ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் நெருக்குண்கிறது, நடுவிலுள்ள மரம் மட்டும் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. லாரிச் சட்டத்திலும் கஷ்டப்படுகிறவர்கள் இரண்டு விளிம்புகளும்தான். அவர்களைத் தொந்தரவு செய்யாமல், சும்மா இருக்கிற நடுப்பாகத்தில் போல்ட்டுகளை இறுக்கமாகப் பொருத்தினார். நீளவாட்டில் அங்கங்கே மட்டும் வெல்டிங். முனைகளில் ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை. மொத்தத்தில், மேஸ்திரி பற்ற வைத்த இடங்களைவிடப் பற்ற வைக்காமல் விட்ட இடங்கள்தான் அதிகம். கூலி அதற்கும் சேர்த்துத்தான் என்று நாம் அபிப்பிராயப்படுகிறோம்.

ஸ்பிரிங்குக்குப் புதுப் பட்டைகள் வந்தன. இற்ற மரத்துக்குப் பதில் புது மரம் வந்தது. மறுபடியும் மண்ணெண்ணெய், சாக்கட்டித் தூள். இந்தத் தடவை வெள்ளையில் கோடு படரவில்லை. பேரன் தன் பங்குக்குப் புது நாகரிகச் சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சோதித்துப் பார்த்தான். அதுவும் ஒன்றும் காட்டவில்லை.

கடைசியில் வர்ணம் பூசும்போது ஒரு சிறு வாக்குவாதம். சட்டம் முழுவதும் கறுப்பு. வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் மேஸ்திரி மஞ்சள் வர்ணத்தைப் பூசினார். "ஏனுங்க மேஸ்திரி, ஊருக்கெல்லாம் ஒடிஞ்ச வண்டின்னு தண்டோரா போடணுமா?" என்று மைத்துனர் குறைப்பட்டார். கறுப்பில் துருக்கோடு தெரியாது, மஞ்சளில் உடனே தெரியும் என்பது காரணம். டிரைவர் மட்டும் மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரு மாதம் ஓட்டிவிட்டு லாரியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரை ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் குனிந்து பார்க்க வேண்டும் என்று அவரிடம்தான் மேஸ்திரி சொன்னார், முதலாளியிடம் சொல்லவில்லை.

அறுத்தெடுத்த பழைய பிளேட்டு பட்டறை மூலையில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று மைத்துனர் கேட்டதற்கு, "எடைக்குப் போட்டுடுங்க. நல்ல இரும்புதானுங்க, பாவம்" என்றார் மேஸ்திரி. சாலைக்கு அந்தப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒன்பது கிலோ நின்றது. கிடைத்த பணம் எல்லாருக்கும் டீயும் ஆளுக்கு இரண்டு வடையும் வாங்கப் போதுமானதாயிருந்தது. கிளீனர் பையன் மூன்று சாப்பிட்டான்.